முறைக்காய்ச்சல் வரும் நாளில் பரீட்சை

பரீட்சை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்று கடிதம் வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன். அன்று எனக்குக் காய்ச்சல் வரும் நாள்.

நான் யாழ்ப்பாணத்தவன். கண்டியில் ஒரு பிறக்கிராசியாரிடம் ஐந்து வருஷமாகச் சட்டம் பயின்றேன். நீதிபதிகள் முன்னால் நின்று, அவர்கள் கேட்பதற்கு வாயால் பதில் சொல்லித் தேறினால்தான் நானும் பிறக்கிராசியாகி வழக்குப் பேசலாம். முந்தின வருஷம் ஒருமுறை தவறிவிட்டேன். ஒரு வாரம் சரியாக உண்ணாமல், உறங்காமல், கோப்பியைக் குடித்துக் குடித்துப் படித்தேன். எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த முறையும் தவறினால் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த இரண்டாம் பரீட்சைக்குப் படித்த மழைக்காலத்தில்தான் வழக்கு விஷயமாகப் புசல்லாவையில் ஒரு கோப்பித் தோட்டத்துக்குப் போய்வந்து முறைக்காய்ச்சலில் விழுந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து மணிக்குக் குளிர் நடுக்கம். பிறகு அனல். பிற்பகலில் வியர்த்து விடும். என் எசமானான பிறக்கிராசியாரிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. நோயாளி என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம்.

என் மனைவி அன்னம்மாவுக்கு மட்டும் தெரியும். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கையில் அவள் புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"படிச்சது காணும். இனி உடம்பைப் பாருங்கோ," என்றாள்.

கோபம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டேன். வேளைக்குக் கஞ்சி, காய்ச்சலுக்குக் கொயினா மருந்து, நேரத்தோடு படுக்கை. காய்ச்சல் இல்லாத நாள்களில் குளக்கரையில் நடந்தேன். வீட்டில் அவள் கதிரையில் இருந்து கேள்வி கேட்க, நான் நின்றபடி பதில் சொன்னேன். பிறகு இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம். ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை மட்டும் இந்தக் காய்ச்சலை நிறுத்தும் என்பதே என் ஜெபம்.

காய்ச்சல் நிற்கவில்லை. அன்று நீதிமன்றத்து மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். பத்து மணிக்கு விரல் நுனி குளிர்ந்தது. பல் கிட்டியது. இப்போது என் பெயரைக் கூப்பிட்டால் எல்லாம் முடிந்தது. ஏன் கைவிட்டீர் என்று உள்ளுக்குள் அழுதேன்.

பெயரைக் கூப்பிடவில்லை. வாசல் சேவகர்தான் வந்தார்.

"கொழும்பு ஜட்ஜு தொரை வர்ற பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்காம். சாயங்காலந்தான் விசாரிப்பாங்களாம்," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்கையா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

அதுவரை மறைத்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பின்கட்டு அறையில் பாய் விரித்து, தம் கம்பளியால் என்னைப் போர்த்தினார். நடுங்கினேன். கொதித்தேன். அந்த நிலையில் வந்த ஜெபம் ஒன்றுதான்: உமது சித்தம். மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. எழுந்து முகம் கழுவினேன். தலை மழை விட்ட வானம்போலத் தெளிந்திருந்தது.

நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள். பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு இல்லாமல் எழுதிய மரணசாசனத்துக்கு எத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்து என்றேன். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் நான் தடுமாறவில்லை. தேறினேன்.

சகோதரரே, நான் காய்ச்சலை நிறுத்தக் கேட்டேன். அவர் பரீட்சையை நிறுத்திவைத்தார். அன்று முதல் ஜெபிக்கும்போது, இப்படித்தான் செய்யவேண்டும் என்று அவருக்கு வழி சொல்வதை விட்டுவிட்டேன். இன்று என் கட்சிக்காரர் யாரும் நோயோடு நீதிமன்றம் வந்தால், அவரை உட்காரவைத்துவிட்டு முதலில் வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்கிறேன்.

பரீட்சைக்குப் போகிறவர்களே, படியுங்கள். வேளைக்குச் சாப்பிட்டு உறங்குங்கள். உடம்புக்கு முடியாவிட்டால் ஒருவரிடமாவது வாய்திறந்து சொல்லுங்கள். மிச்சத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் வாங்கில் உட்காருங்கள். உங்களைக் கூப்பிடும் நேரம் அவருக்குத் தெரியும்.