கியரில் கிளம்பிய எஞ்சின்

படகு எஞ்சின் திருத்துவதை இணையத்தில் இலவசமாகக் கற்பித்தது ஒரு வெளிநாட்டுக் கல்லூரி. எங்கள் மீனவ ஊரான சல்லியில், குசினி அடுப்போரக் கதிரையில் இருந்தபடியே படித்து முடித்தேன். “கியரில் கிடந்தால் எஞ்சின் கிளம்பாது, அதற்குப் பூட்டு உண்டு” என்றது பாடம்.

அந்தத் துணிவில், கரையில் ஓடவிட்டுப் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பரலுக்குள் நிறுத்தியிருந்த எங்கள் எஞ்சினின் கயிற்றை, கியரைப் பார்க்காமலே இழுத்தேன். அது உறுமிக்கொண்டு துள்ளியது. கீழே சுழன்ற விசிறி பரலைக் கிழித்து, எஞ்சினைப் பிடித்திருந்த என் கணவரின் தொடையையும் பிளந்தது. தண்ணீரோடு இரத்தமும் என் முகத்தில் அடித்தது.

“பூட்டு இருக்கெண்டுதானே படிச்சனான்!” என்று அலறினேன்.

“அதை எப்பவோ கழட்டி எறிஞ்சிட்டனப்பா. அலைக்குள்ள எஞ்சின் நிண்டுபோனா கியர் மாத்த எங்க நேரம்?” என்றார், பல்லைக் கடித்தபடி.

தையல் போட்டு ஆளைக் காப்பாற்றினார்கள். இப்போதும் படிக்கிறேன், திருத்துகிறேன். ஆனால் எந்த எஞ்சினையும் தொடுமுன் சொந்தக்காரரிடம் கேட்கிறேன்: “இதில என்னத்தைக் கழட்டினனீங்கள்?”

இதுவரை ஒருவரும் “ஒண்டுமில்லை” என்று சொன்னதில்லை.