மலையேறிய விளக்கு

எனக்குக் கோபம் மூக்கின் மேல். எதிராளி பேசி முடிக்கும்வரை பொறுத்துக் கேட்கும் வழக்கம் என்னிடம் கிடையாது. அதனால் கெட்டது என் பிழைப்பல்ல, என் தங்கச்சி வீட்டுக்காரன் பிழைப்பு.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிட்டராக இருந்தேன். பேக்டரி மெஷினும் என் பொறுப்பு, லாரியும் என் பொறுப்பு. அந்த லாரியை ஓட்டியவன்தான் என் தங்கச்சி புருஷன். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் இறங்கிக் கம்பத்துக்குப் போய் வருவான். டிரைவர் வேலை இருக்கும்வரைதான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவர்களுக்கு அந்த ஒற்றை அறை. வேலை போனால் அறையும் போகும், இது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தப் பாதையில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும். லாரியின் பெரிய விளக்குகளைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். அதற்காகத் தோட்டத்துத் துரை சீமையிலிருந்து மஞ்சள் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்றை வரவழைத்தார். பம்பருக்குக் கீழே, தரையைப் பார்க்கக் குனிந்தாற்போல் அதைப் பொருத்த வேண்டும். டிரைவர் கைக்கு எட்டுகிற மாதிரி டேஷ்போர்டிலேயே சுவிட்சும் வேண்டும். வெளிச்சம் மட்டும் மேலே ஏறக் கூடாது, ஏறினால் பனியில் பட்டுத் திரும்பும் என்று விரலை ஆட்டி ஆட்டி அவர் சொன்னது என் மண்டையில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது.

டேஷ்போர்டு வெறும் தகரம். துளை போட்டு, பித்தளை சுவிட்சைச் செருகி, பின்பக்கம் மரையை முடுக்கினேன். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு ஒரு வயர், சுவிட்சிலிருந்து விளக்குக்கு இன்னொரு வயர். இரண்டாவது வயர், டிரைவருக்கும் இஞ்சினுக்கும் நடுவிலிருக்கும் தகரச் சுவரில் ஒரு துளை வழியாக வெளியே போக வேண்டும். அந்தத் துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அரத்தால் ராவி, ரப்பர் போட்டுத்தான் வயரை விட வேண்டும். பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றியிருந்தாலே போதும். எனக்கு அதற்கும் பொறுமை இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வயரை அப்படியே இழுத்து முடுக்கிவிட்டேன். சுவிட்சைத் தட்டினேன், மஞ்சள் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. துரை தோளில் தட்டினார். நாளைக்கு என்றது அதோடு மறந்துபோயிற்று.

நாலு நாள் கழித்து, பேக்டரியில் நின்றுபோன மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி புருஷன் வந்து நின்றான்.

“மச்சான், வளைவுல வண்டி குலுங்குனா மஞ்ச லைட்டு மலையேறிருது. ஒரு எட்டு வந்து...”

“ஏறத்தான் செய்யும். குழி பாக்காம உட்டுக் குலுக்குனா ஏறாம என்ன செய்யும்? வண்டி ஓட்டத் தெரியலன்னு சொல்லும்வே!”

அவன் சிரித்தான். “மச்சான்கிட்ட வாயக் குடுத்து மீள முடியுமா? பாத்து வைங்க.”

பார்த்தேன். விளக்கைத் தாங்கிய இரும்பை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்து, நட்டை இறுக்கினேன். இனி வெளிச்சம் எங்கே ஏறும் என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். டேஷ்போர்டுப் பக்கம் தலையை நீட்டவே இல்லை.

மறுநாள் பிற்பகல், பெரிய வளைவில் லாரி மலைச்சுவரில் மோதிக் கிடக்கிறது என்று ஆள் வந்தது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் எலும்புகூட மிஞ்சியிருக்காது. என் தங்கச்சி தாலி தப்பியது. அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது, லாரியின் முகம் நொறுங்கியது.

வண்டியை இழுத்து வந்ததும் நான்தான் டேஷ்போர்டைக் கழற்றினேன். அந்தத் துளையில் வயரின் துணிச்சுற்று தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. சுற்றிலும் கரிந்து கறுத்திருந்தது. குலுங்கும்போதெல்லாம் செம்பு தகரத்தில் பட்டிருக்கிறது, பட்டபோதெல்லாம் விளக்கு செத்திருக்கிறது. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு அக்கம்பக்கம் பார்த்தேன். டேப்பைச் சுற்றி டேஷ்போர்டை மூடினேன்.

ஆபீசில் விசாரணை. துரைக்கும் எங்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு மலையாளத்துக் கிளார்க். விளக்கு வேலை செய்ததா என்று என்னைக் கேட்டார்கள்.

“நான் மாட்டுனது நல்லாத்தான் இருந்துச்சுய்யா. லைட்டு மலையேறுதுன்னு மட்டும் மாப்ள சொன்னாரு. அதயும் தாழ்த்திக் குடுத்துட்டேன்.”

அவன் என்ன சொன்னான் என்று கேட்கக் கிளார்க் அவன் பக்கம் திரும்பினார். “தான் எந்தா பறஞ்ஞது?”

“ஆமாய்யா, மலையேறுதுன்னுதான் சொன்னேன். மச்சானே சொல்லிட்டாவ” என்றான் அவன், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வெளிச்சம் மேலே ஏறியதாம், அதையும் பிட்டர் தாழ்த்திக் கொடுத்துவிட்டானாம் என்று கிளார்க் இங்கிலீஷில் சொன்னார். அப்படியானால் நல்ல விளக்கைப் போடாமல் ஓட்டியிருக்கிறான் என்று துரை முடிவு கட்டினார். மூன்று நாளில் லயத்தைக் காலி செய்ய உத்தரவு.

விளக்கு அணைகிறது என்று அவன் சொல்லவே இல்லையே, சொல்லியிருந்தால் பார்த்திருப்பேனே என்று மூன்று நாளும் என்னையே தேற்றிக்கொண்டு திரிந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

நான்காம் நாள் காலையில் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். அறையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச்சுருள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேரமாகிறது என்று வழக்கம்போல் பறந்தேன்.

“செத்த இருங்கண்ணே” என்றாள் தங்கச்சி. “விளக்க மலையேத்திட்டு வாரேன்.”

பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்தாள். சுடர் போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் விளக்கு அணைந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தச் சொல் ஆகாது. மலையேறியது என்போம். அம்மா அப்படித்தான் சொல்வாள், வீட்டு விளக்கென்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். லாரியில் இருந்ததும் அவனுக்கு விளக்குதானே, சோறு போட்ட விளக்கு. பாவி, அவன் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறான். நானே அதை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றுதான் ஆபீசில் அவன் முகத்தில் அந்த நிம்மதி.

“என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு?”

“ஒண்ணுமில்ல, நட.”

துரை பங்களா கூப்பிடு தூரம். அந்நேரம் அவர் வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார். ஓடிப்போய்ச் சொன்னால் அவர்கள் அறை நிற்கும், என் அறை போகும். நான் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தேன். பின்னாலேயே அவன் ஓடி வந்தான்.

“மச்சான், பாரமா இருக்கும். ஒரு பக்கம் நான் புடிக்கேன்” என்று முறியாத கையை நீட்டினான்.