கிணற்றில் இறங்காத பிள்ளையார்

"1996 செப்டம்பர். சதுர்த்திக்கு மூன்றாம் நாள் மாலை, தூறல். பிள்ளையார் கிணற்றில் இறங்கவில்லை."

தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்புறம் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அந்த மாலையை நினைத்துப் பார்க்கத் தாள் தேவையில்லை. கண்ணை மூடினால் போதும், ரோஸ் நிறத்தில் வந்து நிற்கும்.

அப்போது பெங்களூரு தொம்மலூரில், பழைய ஊர்ப் பகுதியில் ஒரு சந்தில் குடியிருந்தேன். சந்தின் நடுவில் ஒரு பொதுக்கிணறு. பனி மூடிய காலைகளில் உருளைச் சத்தம் கேட்கும், இறைப்பவர் யாரென்று தெரியாது. எட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் விடியாத வேறொரு காலை இருப்பதுபோல் தோன்றும்.

அந்தக் கிணற்றுக்கென்று ஒரே ஒரு வாளி. அது மட்டும்தான் உள்ளே போகும். யார் வீட்டுக் குடமும் இறங்கக் கூடாது. இறைத்து முடித்ததும் வாளியை ஆணியில் மாட்ட வேண்டும். மறந்துபோய்த் தரையில் வைத்தால், எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் உள்ளே இருந்தபடியே "பக்கெட்டு!" என்று ஒரு சத்தம் போடுவார். எப்படித்தான் தெரியுமோ அவருக்கு!

பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் விலக்கு. வீட்டுக்கு வீடு வாங்கிய சின்னக் களிமண் பிள்ளையார்களை அதில்தான் விடுவோம். கோடையில் தூர் வாரும்போது அந்த மண்ணும் வெளியே வந்துவிடும்.

அந்த வருடம் மழை தொடங்கியபோது குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. என் பக்கத்து வீட்டில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். அவர்களுடைய ஒரு வயதுக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டு, பிழைத்ததே பெரிது என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் குழாயைத் தொடவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குழந்தைக்குக் கொடுத்தாள். சந்தில் மற்றவர்களும் குடிக்கக் கிணற்றையே நம்பியிருந்தோம்.

அதே வருடம்தான் எங்கள் சந்துப் பையன்கள் முதல் முறையாகத் தெருவுக்குப் பொதுவாக ஒரு பிள்ளையார் வைத்தார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், இடுப்பளவு உயரம். ரோஸ் நிற உடம்பு, வெள்ளிப் பூச்சுக் கிரீடம். மூன்றாம் நாள் ஏரிக்குக் கொண்டுபோக டெம்போ பேசியிருந்தார்கள். அது வரவில்லை. தூறல் பிடித்து, பந்தல் ஒழுகத் தொடங்கியது. அவர்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி இருந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், கிணற்றிலேயே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். தமுக்கும் கூச்சலுமாகத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தண்ணீருக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்தாள். வாளியை ஆணியில் மாட்டிவிட்டு, கிணற்றுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கா, எழுந்திரு. வெயிட்டு தாங்கல," என்றார் ஆட்டோக்காரர்.

"எறக்கி வெய்யி. தூக்கச் சொன்னது யாரு?"

"வருஷா வருஷம் இதுலதானே வுடறோம்? உங்க ஊட்டு கணேஷனையும் இதுலதானே வுட்டீங்க?"

"அது மண்ணு. நீ மொதல்ல உன் சட்டையப் பாரு."

ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார். பண்டிகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில், தோளிலிருந்து பாக்கெட் வரை ரோஸ் சாயம் வழிந்திருந்தது. பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான்.

"ஹோலின்னு நெனச்சுக்கோ அண்ணா."

"நாளைக்கு எம் புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சறேனே, அதுலயும் ஹோலியா?" என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது. தமுக்கும் நின்றது. ஆட்டோக்காரருக்கு முகம் சிறுத்துவிட்டது. "அப்ப சாமிய எங்க வுடறது? ரோட்லயே வெச்சிட்டுப் போவச் சொல்றியா?"

நியாயமான கேள்விதான். அவள் சந்துக் கோடியில் பாதி கட்டி நின்ற வீட்டைப் பார்த்தாள். அங்கே செங்கல் நனைக்கக் கட்டிய சிமெண்ட் தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது.

"அந்தத் தொட்டில வுடு."

"கிணத்துக்குன்னு கௌப்பிட்டு, தொட்டித் தண்ணிலயா?"

"இதே தண்ணிய நான் சேந்தித் தரேன். எவ்ளோ வேணும், சொல்லு."

பிள்ளையாரைக் கிணற்றடியில் இறக்கி வைத்துவிட்டு, ஆட்டோக்காரர் ஆணியிலிருந்து வாளியை எடுத்தார். கயிற்றைப் பிரிக்கிற அவசரத்தில் அதைத் தரையில் வைத்துவிட்டார்.

"பக்கெட்டு!"

எதிர்வீட்டுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் சந்தே சிரித்துவிட்டது. முதலில் சிரித்தது ஆட்டோக்காரர்தான். வாளியைக் கழுவி, உள்ளே விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்றைக்கும் கனவு மாதிரிதான் இருக்கிறது. கிணற்றிலிருந்து தொட்டி வரை ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டோம். எல்லா வீட்டுக் குடங்களும் வந்தன. எனக்கு இந்தப் பக்கம் உருது பேசும் குடும்பத்துப் பெண், அந்தப் பக்கம் சர்ச்சுக்குப் போய்த் திரும்பிய ஒருவர். குடங்கள் கைமாறிக்கொண்டே போயின. தூறலும் தண்ணீர்ச் சத்தமும் ஒன்றாகிவிட்டன. இருட்டும் நேரத்தில் தொட்டி நிறைந்தது. பிள்ளையாரை மெல்ல இறக்கினார்கள். முதலில் ரோஸ், பிறகு நீலம், பிறகு மஞ்சள் என்று நிறங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் பிரிந்து, தண்ணீருக்குள் மேகம்போல் எழுந்தன. பார்க்க அவ்வளவு அழகு.

காலையில் அந்த அழகு இல்லை. தண்ணீரின்மேல் வெள்ளி நிறத்தில் ஓர் ஆடை படிந்திருந்தது. பிள்ளையார் கரையவில்லை, வெளுத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் வெகுநேரம் தொட்டியருகே நின்றார். பிறகு கிணற்றடிக்கு வந்து, ஒரு வாளி இறைத்து, கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் குடித்தார். பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு வந்ததும், "யக்கா, குடு, ரொப்பித் தரேன்," என்று மட்டும் சொன்னார். சில நாட்களில் கிணற்றுக்கு அவரே ஒரு கம்பிவலை மூடி செய்துகொண்டுவந்து போட்டார். வாளி இறங்கும் அளவுக்கு மட்டும் அதில் திறப்பு. அடுத்த வருடம் தெருப் பிள்ளையாரும் களிமண்ணில்தான் வந்தார். அவரையும் தொட்டியில்தான் விட்டோம்.

இன்று கேன் தண்ணீர் குடிக்கிறேன். அது எந்த நிலத்தின் தண்ணீர், யார் காவல் இருந்த தண்ணீர் என்று எதுவும் தெரியாது. டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது, சுவர்மேல் ஏறி உட்கார்ந்த அந்தப் பெண் சில சமயம் கண்முன் வந்து போவாள்.

அத்தனை குடம் இறைத்தும், மறுநாள் காலை கிணற்றில் நீர்மட்டம் கொஞ்சமும் குறையவில்லை என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள். எட்டிப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் முந்தைய நாள் மட்டத்தை நான் குறித்து வைத்திருக்கவில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படாத தகவல். என் குறிப்புகளில் அடித்துவிட மனம் வராமல் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.