வெளிப்பக்க முடிச்சு

டிக்கோயாவுக்கு மேலே, பஸ் ஏறாத மலையில் ஒரு தோட்டம். அந்தத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்குகிற ஆலையில், லியனார்டுக்குப் பெல்ட் தைக்கிற வேலை. கொழுந்தை அரைக்கிற மெஷின், சலிக்கிற மெஷின், காற்றாடி எல்லாம் ஒரே எஞ்சினின் தயவில், தோல் பெல்ட்டுகளின் இழுப்பில் ஓடிய காலம் அது. ஒரு பெல்ட் அறுந்தால் பாதி ஸ்டோர் படுத்துவிடும். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா போடுகிற கூச்சல் துரை பங்களா வரைக்கும் கேட்கும். லியனார்ட் மட்டும் ஊசியையும் தோல் வாரையும் எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து வருவார். சிசிலியைப் பெண் கேட்பதற்கே ஆறு வருஷம் யோசித்த மனுஷன் என்று ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அவரைக் கேலி பேசுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பெல்ட் தைப்பதற்கு ஒரு விதி உண்டு. அறுந்த இரண்டு நுனியிலும் துளை போட்டு, வாரைக் கோத்து இழுக்க வேண்டும். சக்கரத்தில் படுகிற உட்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். குறுக்குத் தையலும் முடிச்சும் வெளிப்பக்கம்தான் வரவேண்டும். உள்ளே வந்தால் சக்கரத்தில் மோதி மோதி நாலு நாளில் அறுந்து போகும். இருபது வருஷம் இதையே செய்ததில் லியனார்டின் கைக்கு இது யோசிக்காமலே வந்துவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் முடிச்சு வெளிப்பக்கம்தான் விழும்.

1951 வைகாசியில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற பழனியாண்டி ஒரு மத்தியானம் ஸ்டோருக்கு வந்தான். தோட்டத்தில் இருந்த ஒரே உதைபந்து அவன் கக்கத்தில் இருந்தது. அந்தக் காலத்துப் பந்து வெளியே தோல், உள்ளே ரப்பர் பை. பையை உள்ளே வைத்துக் காற்றடித்த பிறகு தோலின் வாயைச் சப்பாத்துக்குக் கட்டுகிற மாதிரி வாரால் இழுத்துக் கட்டுவார்கள். அந்த வார் இற்றுப் போயிருந்தது.

"லியனார்ட் அண்ணே, நாளைக்கு றொசல்லத் தோட்டத்துக்காரங்க ஆட வர்றாங்க. இதைக் கொஞ்சம் இறுக்கிக் குடுங்க. நான் தலையால அடிக்கிற அடியில அவனுங்க ரயில் ஏறி ஓடணும்."

லியனார்ட் பெல்ட் வாரையே எடுத்தார். பெல்ட் மாதிரியே கோத்தார். வெளிப்பக்கம் இரட்டை முடிச்சுப் போட்டு, சுத்தியலால் தட்டி, மேலே குங்கிலியத்தை உருக்கித் தடவினார். காய்ந்ததும் நகத்தால் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"பந்து கிழிஞ்சாலும் கிழியும், இது கிழியாதுடா," என்றார். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆட்டம் பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தோல் தண்ணீரைக் குடித்துப் பந்து கனத்துப் போனது. ஆனாலும் யாரும் நிறுத்துவதாக இல்லை. உயரத்திலிருந்து இறங்கிய ஒரு பந்துக்குப் பழனியாண்டி எம்பினான். தோலில் தலை படுகிற சத்தம் ஒன்று உண்டு. அன்றைக்கு லியனார்ட் கேட்டது அது இல்லை, 'டக்' என்று ஒரு சத்தம். பழனியாண்டி விழுந்தான். எழுந்து சிரித்தான். இரண்டு எட்டு வைத்து மறுபடி விழுந்தான், அப்புறம் எழவில்லை.

தூக்குவதற்குக் குனிந்தபோது லியனார்ட் அதைப் பார்த்துவிட்டார். இடது நெற்றிப்பொட்டில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. அவருடைய முடிச்சு அச்சுக் குத்தியது போல் பதிந்திருந்தது. கம்பளியில் கட்டி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பழனியாண்டி செத்துப்போனான்.

விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் ஒரு முனிக்கல் இருந்தது. ஆட்டத்தன்று பழனியாண்டியின் மனைவி காளியாயி புருஷனுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தபோது அந்தக் கல்லைத் தாண்டித்தான் வந்தாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குத் தூரம். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பேச்சியம்மாவுக்கு அது தெரியும். சாவு வீட்டில் அழுகைக்கு நடுவே பேச்சியம்மா வாயிலிருந்து அது விழுந்தது. தீட்டோட தாண்டினா முனி சும்மா இருக்குமா என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் பத்து லயத்துக்கும் அதுதான் பேச்சு.

லியனார்ட் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் பார்த்த அச்சைப் பற்றி அவர் சொல்லவில்லை. பயம் இருந்தது, அது உண்மை. ஆனால் பயத்தைவிடக் கேவலமான ஒன்றும் இருந்தது. முனி அடித்துவிட்டது என்று கேட்ட அந்த நொடியில் அவர் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதிக்காக அவர் தன்னை ஒரு நாளும் மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குப் போனவருக்கு ஸ்டோர் வேறு மாதிரி கேட்டது. பெல்ட்டில் தைத்த இடம் சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இருபது வருஷமாகக் காதில் விழாத சத்தம். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பழனியாண்டி எம்பினான், ஒவ்வொரு சுற்றுக்கும் விழுந்தான். நிமிஷத்துக்கு நூறு தரம். லியனார்ட் நல்ல பெல்ட்டுகளையெல்லாம் கழற்றி, நுனிகளைச் சீவி, வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டினார். டீமேக்கர் ஐயா வேலை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பெல்ட்டில் சத்தம் நின்றது. லியனார்டின் காதில் நிற்கவில்லை. மாதா கோயிலில் சாமியார் பூசை வைக்கும்போதும் கேட்டது, சிசிலி அம்மியில் தேங்காய் அரைக்கும்போதும் கேட்டது.

அந்தப் பந்தை அவர் சாக்கில் சுற்றி மரப்பெட்டிக்குள் போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தார். பெல்ட்டில் உட்பக்கம்தான் சக்கரத்தில் படும், அதனால் உட்பக்கம் வழவழப்பு. பந்தில் மனுஷன் மேல் படுவது வெளிப்பக்கம். இவ்வளவுதான் விஷயம். ஒரு பச்சைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். கை மட்டும் யோசித்திருக்கிறது, தலை யோசிக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தார். யாரையும் அடிக்காத ஒரு பந்து செய்ய வேண்டும். செய்தால் இந்தச் சத்தம் நிற்கும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

முதல் பந்தில் முடிச்சை உள்ளே தள்ளினார். பத்து உதையில் அது ரப்பர் பையைக் குத்திக் கிழித்துவிட்டது. இரண்டாவதில் வாரே இல்லாமல் தோலை மடித்துச் செருகினார். மடிப்புக்குள் தண்ணீர் போனது. கொழுந்து நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்தார். காய்ந்தபோது ஒரு றாத்தல், ஒரு மணி நேரம் பீப்பாய்த் தண்ணீரில் கிடந்த பிறகு ஒன்றே முக்கால். மழைக்கு முன்னால் பந்து, மழைக்குப் பின்னால் கருங்கல். அதையும் பிரித்துப் போட்டார்.

பிறகு தோலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டினார். துண்டு சிறிதானால் இழுபடுவது குறைந்தது. ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற தட்டிலிருந்து கழித்துப் போட்ட துணியை ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக இரண்டு மடிப்பு ஒட்டி உள்ளே கொடுத்தார். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சிசிலி பொறுக்கி வந்தாள். அதை உருக்கி நூலுக்கும் தையலுக்கும் ஊட்டினார். எல்லாம் சரியாக வந்தது. காற்று அடிக்கிற வாய் மட்டும் வழிக்கு வரவில்லை. வாய் இருந்தால் அதைக் கட்ட வேண்டும், கட்டினால் முடிச்சு வரும். இரண்டு வருஷம் அந்த இடத்திலேயே நின்றார்.

சிசிலிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தபோது வழி கிடைத்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்தையா ஒரு சின்னக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி மருந்தை இழுத்தார். ஊசியை உருவிய பிறகு ஒரு சொட்டுக் கூட வெளியே வரவில்லை. ரப்பர் தானாக மூடிக்கொண்டது. மனைவி கையில் ஊசி ஏறுவதைக் கூடப் பார்க்காமல் லியனார்ட் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலிக் குப்பியை எனக்குக் குடுங்க ஐயா" என்று கேட்டு வாங்கினார். பொண்டாட்டிக்குக் காய்ச்சல், புருஷனுக்குக் குப்பி என்று சிசிலி அதை ரொம்ப நாள் சொல்லிக் காட்டினாள்.

மூடியை ரப்பர் பையில் வைத்து ஒட்டினார். தோலில் ஒரு மிளகு நுழைகிற அளவுக்குத் துளை விட்டார். மாட்டுக்குப் போடுகிற தடித்த ஊசியைச் சைக்கிள் பம்பில் மாட்டிக் காற்றடித்தார். காற்று கசியாமல் நின்றது. கடைசித் தையலில் முடிச்சே போடவில்லை. நூலை வந்த வழியே மூன்று துளை திருப்பி இழுத்து, நுனியை உள்ளே தள்ளி மெழுகு வைத்து அடைத்தார். பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே முடிந்தது என்று தெரியாது.

ஒவ்வொரு பந்தையும் அவர் சோதித்த விதம்தான் சிசிலிக்குப் பிடிக்கவில்லை. பீப்பாயில் ஊறவைத்து எடுத்து, ஸ்டோர் சுவரில் ஓங்கி எறிந்து, திரும்பி வருவதைத் தலையில் வாங்குவார். ஐம்பது தரம். எப்போதும் இடது நெற்றிப்பொட்டில்தான்.

"ஒங்களுக்கு என்ன பைத்தியமா? ஏன் அந்த ஒரே எடத்துல வாங்குறீங்க?" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அப்போதுதான் அவளிடம் அந்த முடிச்சைப் பற்றிச் சொன்னார். சிசிலி அவர் கையிலிருந்த பந்தை வாங்கிக் கீழே வைத்தாள். "இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டியவ அங்க இருக்கா," என்றாள். லியனார்ட் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர போகவில்லை. பந்து முடியட்டும் என்று நினைத்தார்.

சொல்ல வேண்டியவள் என்ன பாடு பட்டாள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் காளியாயி முனிக்கல்லுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, வெறும் தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு சாப்பிட்டாள். மலையில் மற்றப் பெண்கள் அவள் பக்கத்தில் கொழுந்து பறிக்க நிரை பிடிக்கமாட்டார்கள். யார் வீட்டுச் சடங்குக்கும் கூப்பிடமாட்டார்கள். ஆரம்பத்தில் அழுதவள் பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக அவளும் நம்பினாள்.

1958இல் றொசல்லக்காரர்கள் மறுபடி வந்தார்கள். அன்றைக்கும் மழைதான். லியனார்டின் பந்து இரண்டு மணி நேரம் சேற்றில் புரண்டது. ஆளாளுக்குத் தலையால் அடித்தார்கள். ஒருவனுக்கும் ஒரு கீறல் கிடையாது. ஆட்டம் முடிந்து தராசில் போட்டார்கள், கால் றாத்தல் கூட ஏறவில்லை. இரண்டு கோஷ்டியும் லியனார்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மேலே இருந்து அவர் முனிக்கல்லைப் பார்த்தார். 'டக்', 'டக்' என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. துளிக் கூடக் குறையவில்லை.

அந்த வாரமே காளியாயி மகள் மீனம்மாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த மஸ்கெலியாக்காரர்கள் ஆள் சொல்லியனுப்பினார்கள். முனி அடித்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்களாம். கேள்விப்பட்ட லியனார்ட் சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல் எழுந்து போனார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

காளியாயி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெல்ட் வார், வெளிப்பக்க முடிச்சு, குங்கிலியம், நெற்றியில் பார்த்த அச்சு, ஒன்றையும் விடவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏழு வருசமா அண்ணே," என்றாள். "ஏழு வருசமா நான் மண்ணுல சோத்தைக் கொட்டித் தின்னேன். நீங்க பந்து செஞ்சீங்க."

லியனார்ட் அழுதார். அவள் அழவில்லை.

"என்கிட்ட அழுது என்ன பண்ண? பெரட்டுல சொல்லுங்க. எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஆள் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் லியனார்ட் முன்னால் போய் நின்றார். முழுசாகச் சொன்னார். பழனியாண்டியைக் கொன்றது தன் கை வேலை, முனி இல்லை, காளியாயி மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்.

பெரிய கங்காணி கந்தப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு லியனார்ட் மேல் உண்மையிலேயே இரக்கம். "நல்ல மனுசன், பாவம், மனசுல போட்டு வருத்திக்கிட்டான். அதெல்லாம் ஒன் தப்பு இல்லப்பா. முனி அன்னைக்கு அந்த முடிச்சுலதான் வந்து ஒக்காந்திருக்கு. இல்லாட்டி ஒரு முடிச்சுக்கு ஆளைக் கொல்ற பலம் ஏது?"

ஆமாம், ஆமாம் என்று கூட்டம் தலையாட்டியது. பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாதா கோயிலுக்குப் போற வேதக்காரருக்கு நம்ம சாமியைப் பற்றி என்ன தெரியும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா விசில் ஊதினார். ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் பிரிந்தார்கள். காளியாயிக்கு இரண்டு பக்கமும் எப்போதும் போல இடம் விட்டே நடந்தார்கள்.

லியனார்ட் போய் அவள் முன்னால் நின்றார். "சொல்லிட்டேனே தங்கச்சி. நம்பமாட்டேங்கிறாங்களே."

காளியாயி கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் கோபம் கூட இல்லை.

"நான் நம்புறேன்," என்றாள். "அன்னைக்கே, சாவு வீட்டுலயே சொல்லியிருந்தா அவங்களும் நம்பியிருப்பாங்க."

சொல்லிவிட்டு அவள் மலை ஏறினாள்.