இடது பக்கத் தையல்

எடமலைப்பட்டி புதூர் மெக்கானிக், என் அப்பா விட்டுச்சென்ற பழைய திறந்த காரின் துணிக்கூரையைத் தடவிப் பார்த்தார். இடது பக்கத் தையலை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

“என்னக்கா, மெழுகு வாசனை வருது?”

கூரையை இழுத்து மூடினாலும் மழையில் ஒழுகும் கார் அது. இரண்டே இருக்கைகள். சின்ன வயதில் நான் அம்மா மடியில் உட்காருவேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் தாத்தா கல்லறையில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை அப்பா கைக்குட்டையில் முடிந்து எடுத்துவருவார். மறுநாள் காலையில் எங்கள் புத்தூர் வீட்டு வாசலில் நின்று, அம்மா உட்காரும் இடது பக்கத் தையலில் அவற்றை அழுத்தித் தேய்ப்பார். ஈரத்துணியும் பெட்ரோலும் மெழுகும் கலந்த வாசனை சமையலறை வரை வரும்.

“உங்க பக்கமும் தேய்ங்க. தலையெல்லாம் நனையுதுல்ல?” என்பார் அம்மா.

“இருக்கறதே கொஞ்சம். உனக்குத்தான் சட்டுனு சளி பிடிக்கும்.”

எனக்குப் பத்து வயதானபோது அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அந்த வருடக் கல்லறைத் திருநாளில் தூறலில் நனைந்தபடி அப்பா வெகுநேரம் நின்றார். மறுநாள் காலையில் வாசலில் தேய்க்கும் சத்தம் கேட்டு ஓடினேன். அதே இடது பக்கம். கையில், அம்மா கல்லறையில் எரிந்து மிஞ்சிய மெழுகு.

பிறகு பல மழைக்காலங்கள் அந்த இருக்கையில் நான் நனையாமல் போய்வந்தேன்.

“கூரையவே மாத்திடலாங்க்கா,” என்றார் மெக்கானிக். “ரெண்டு பக்கமும் ஒழுகுதா?”

“இல்லைங்க. ஓட்டுறவங்க பக்கம் மட்டும்தான்.”