நாசி என்றால் சோறு

மகள் மூக்கில் அடிக்கிற மருந்தை வாங்கி வந்து, "நேசல் ஸ்ப்ரேம்மா" என்றாள். இந்த வயதில் மூச்சு விடுவதற்கும் மருந்து. அதென்ன நேசல் என்று அலுப்போடு கேட்டேன். போனைத் தடவிப் பார்த்து, அது லத்தீனாம், லத்தீனில் மூக்குக்கு நாசுஸாம், நம்முடைய நாசியும் அதற்குத் தூரத்துச் சொந்தமாம் என்றாள். லத்தீன் எனக்குப் புதிதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது ஃபாதர் முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில்தான் பூசை வைப்பார். மூக்கைப் பற்றி எதுவும் சொன்னதாக நினைவில்லை.

மலாய்க்காரர்களின் நாசி இந்தச் சொந்தத்தில் சேராது. அது சோறு. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு நாள் சேர்ந்தது.

அப்பா வேலையிடத்தில் மயங்கி விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்த சித்தப்பாதான் டாக்டரிடம் பேசுவார். மூக்கில் குழாய் விட்டுத்தான் இனி ஆகாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே சொல்ல சித்தப்பாவுக்கு வாய் வரவில்லை. நல்ல தமிழில் சொன்னால் வலிக்காது என்று நினைத்தாரோ என்னவோ.

"இனிமே நாசிதான் அண்ணி. டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பாசாரில் மலாய் பேசியே பழகிய அம்மாவுக்குச் சோறு என்றுதான் காதில் விழுந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். சோற்றைக் குழைய வடித்து, ரசம் வைத்து, தூக்குச்சட்டியோடு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் பேச்சு. அம்மா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

வார்டு வாசலில் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி மறித்தாள். "நாசி தா போலே, காக்." சோறு கூடாது அக்கா என்றாள். பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, அப்பாவின் கட்டிலைக் காட்டினாள்.

அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, அந்தச் சோற்றை எனக்கே ஊட்டினாள். பசியில் ருசித்துச் சாப்பிட்டேன்.

"வீட்டுல கேட்டா அப்பா சாப்பிட்டாருன்னு சொல்லு" என்றாள்.

அப்படியே சொன்னேன். தம்பி தங்கச்சிகள் குதித்தார்கள். சாயங்காலம் வந்த சித்தப்பாவிடமும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"சந்தோஷம் அண்ணி" என்றார்.

பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து, நான் துண்டோடு காத்து நின்றேன்.