தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு கட்டங்கள்

நாலடிக்கு ஐந்தடி கேன்வாஸை மூன்றாவது முறையாக வெள்ளை பூசி மறைத்துவிட்டு, அபிராமபுரத்து வீட்டின் பின்னறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடையாறில் ஒரு கண்காட்சிக்கு அதைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஐந்து வாரம்தான் பாக்கி. நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் ஒரு பெண்ணைப் போனில் படம் எடுத்து, அதை அப்படியே பெரிதாக வரைந்துகொண்டிருந்தேன். முகம் வந்தது, புடவை வந்தது, மீனின் பளபளப்புகூட வந்தது. ஓவியம் மட்டும் வரவில்லை.

என் கணவருக்கு ஓவியம் தெரியாது. பொய் சொல்லவும் தெரியாது. முந்தின நாள் காபியோடு வந்து பார்த்தவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்க உக்காந்த மாதிரி இருக்காங்க" என்றார். கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. எட்டு மாதமாக நான் எதையும் உருப்படியாக முடித்திருக்கவில்லை. இனி கை வராதோ என்ற பயத்தை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளை பூசிய மறுநாள் காலை போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, கோடு போடாத ஒரு நோட்டும் பேனாவுமாக ஆட்டோ பிடித்து நொச்சிக்குப்பம் போனேன். கல்லூரியில் படித்தபோது செய்த வேலைதான். நோட்டின் ஒரு பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் யார் எங்கே என்பது மட்டும். கண், மூக்கு போட இடமே இருக்காது. நாலு பேர் பாராட்டத் தொடங்கியதும் அதை விட்டிருந்தேன். நேரே கேன்வாஸில் இறங்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ஒரு நினைப்பு.

முதல் நாள் போட்டதெல்லாம் குப்பை. போட்டோவில் இருந்தபடியே அந்த மீன்காரம்மாவை நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்க வந்தவர்களின் முதுகுகள் அவரை மறைத்தன. எரிச்சலில் அந்த முதுகுகளையே போட்டேன். கட்டத்தில் முக்கால்வாசி கறுப்பு. இடது ஓரத்தில் ஒரு சந்து, அதற்குள் முன்னால் சாய்ந்து மீன்மேல் தண்ணீர் தெளிக்கும் ஓர் உருவம்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"இன்னாமா, மூணு நாளா நின்னுக்கினு இன்னாவோ எழுதிக்கினு கீறே. கார்ப்பரேஷனா?"

"இல்லக்கா, படம் வரையறேன். அன்னிக்கு உங்களைப் போட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டேனே."

"குடு, பாக்கலாம்."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். பக்கம் முழுக்கப் பன்னிரண்டு கட்டங்கள்.

"இன்னாமா இது, கரப்பாம்பூச்சி ஓடுன மாரி கீது!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. நோட்டை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. முதுகுகள் நிறைந்த அந்தக் கட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"தோ, இது நான்."

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"முட்டி வலிம்மா. ஒரு காலை நீட்டிக்கினுதான் குந்துவேன். வேற யாரு இங்க அப்டி குந்துறாங்க?"

அந்தக் காலை நான் யோசித்துப் போடவில்லை. ஒரு கோடு கொஞ்சம் நீளமாகப் போயிருந்தது, அவ்வளவுதான். முகமே இல்லாத அரை அங்குல உருவத்தில் அவர் தன்னைக் கண்டுகொண்டார். என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாமா, வெயிலா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதன்பிறகு வேலை வேலையாக நடந்தது. அந்தக் கட்டத்தைப் பெரிய தாளில் கரியால் வரைந்தேன். ஐந்து முதுகுகளை மூன்றாகக் குறைத்தேன். ஒரு குடையை வைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். தப்பானால் தாள்தானே, இன்னொன்றை எடுத்தால் போயிற்று. வெகுநாளைக்குப் பிறகு தப்புச் செய்யப் பயமாக இல்லை. கடைசியில் தேறிய வரைபடத்தின்மேல் சதுரம் சதுரமாகக் கோடிழுத்து, அதேபோல் கேன்வாஸிலும் இழுத்து, ஒவ்வொரு சதுரமாக மாற்றினேன். வண்ணம் எடுத்தபோது எது எங்கே என்ற குழப்பமே இல்லை. எந்த நீலம் என்பது மட்டும்தான் யோசனை.

கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால் ஓவியம் முடிந்தது. எடுத்துப்போக வந்த வேன்காரர், "காஞ்சிடுச்சா மேடம்? கையில ஒட்டாதே?" என்று கேட்டார். ஒட்டாது என்றேன். வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். எனக்குப் பகலில் தூங்கும் பழக்கம் கிடையாது. அன்று சாப்பிட்ட கையோடு படுத்தவள், எழுந்தபோது மணி ஐந்தரை.